தேன் பதத்தில் ஒரு சாயா

ஜூலை 6, ஞாயிறு. காலை ஏழு மணி. என் மனைவியின் தம்பி மைதீன், வயது அறுபத்தாறு, பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாய் ஒரு பக்கமாகக் கோணியது. இடக்கையும் இடக்காலும் செயலிழந்தன. பக்கவாதம். எட்டரை மணிக்குள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

ஜூலை 7, திங்கள். விழுங்கும் சோதனை. ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கே இருமினார். தேறவில்லை. மூக்கு வழியாக உணவுக்குழாய் இடப்பட்டது.

ஜூலை 15, செவ்வாய். குழாய் எடுக்கப்பட்டது. கெட்டியாக்கிய உணவுக்கு மட்டும் அனுமதி. தண்ணீரோ சாயாவோ நீர்த்தபடி ஒரு சொட்டும் கூடாது.

ஜூலை 17, வியாழன். வீடு திரும்பினார். தம் வீட்டுக்கு அல்ல, என் வீட்டுக்கு.

ஜூலை 24, வியாழன். மாலை ஐந்து மணி. ஒரு மிளகு.

ஜூலை 27, ஞாயிறு. என் மனைவி சபியா இறந்து இரண்டு ஆண்டுகள் நிறைந்தன.

ஆகஸ்ட் 11, திங்கள். இரண்டாம் விழுங்கும் சோதனை.

1

நம் பள்ளியின் பழைய மாணவர் மலரில் துபாயிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் எழுதுகிறவர்களுக்கு நடுவே இடம் கேட்க எனக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. நான் கடல் எதையும் கடக்கவில்லை. ஆரியங்காவுக் கணவாயை மட்டுமே. கடையநல்லூரில் காலையில் வண்டி ஏறினால் மாலைத் தொழுகைக்கு மட்டாஞ்சேரியில் இருக்கலாம். ஆயினும் வந்து நாற்பத்தோராண்டு ஆகிறது. இங்கே ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பித்தேன், ஓய்வு பெற்றேன், ஊர் திரும்புவதாகப் பலமுறை அறிவித்தேன், திரும்பவில்லை. கடைத்தெருவில் மலையாளம், தொழுகையில் அரபி, வீட்டில் சபியாவோடு தமிழ் என்று மூன்று மொழிகளுக்கும் முறை வகுத்து வாழ்ந்தவன், மூன்றாவதைப் பேச ஆளில்லாமல் போனபின் மைதீனிடம் போய்ப் பேசினேன். அவருடைய தமிழிலும் பாதி மலையாளந்தான். மீதிப் பாதி எனக்குப் போதுமானதாக இருந்தது.

எழுத்தில் 'அவர்' என்கிறேன். பேச்சில் நாற்பது ஆண்டுகளாக 'வாடா, போடா'தான்.

மைதீன் ஜூ டவுன் என்னும் பழைய யூதர் தெருப் பக்கத்தில் கோடவுன்களில், அதாவது சரக்குக் கிடங்குகளில், மிளகுத் தரகர். பல்லில் வைத்து ஒரு மிளகைக் கடித்தால் அது எந்த மலையில் விளைந்தது, எத்தனை நாள் காய்ந்தது, சாக்கில் மழை இறங்கியதா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஈரம் அளக்கும் கருவி எல்லாக் கோடவுன்களிலும் இருக்கிறது. இருந்தும், கருவி காட்டிய எண் சரிதானா என்று மைதீனின் பல்லைக் கேட்பார்கள். அந்த வாயைத்தான் பக்கவாதம் வந்து பிடித்தது.

2

மருத்துவமனையில் நோயாளியோடு தங்குகிறவருக்கு இங்கே பைஸ்டாண்டர் என்று பெயர். அதற்கோர் அட்டை உண்டு. அட்டை பெறப் படிவம் நிரப்பினேன். உறவுமுறை என்ற கட்டத்தில் 'மனைவியின் தம்பி' என்று எழுதினேன். கண்ணாடிக்கு அப்பாலிருந்த இளைஞர் அதைப் பரிவோடு வாசித்தார்.

"பார்யயுடெ அனியன். சரி. பார்ய எவிடெயா, சாரே?"

"இறந்துவிட்டார்."

"அய்யோ." எழுதுகோலை நிறுத்தினார். "அப்போ இப்போ நிங்ஙள் ஆரா?"

மனைவி போனபின் மனைவியின் தம்பி எனக்கு யார்? சட்டம் பயின்றவர்கள் விடை சொல்லக்கூடும். அந்த இளைஞருக்கு வேண்டியிருந்தது ஒரு கணினிச் சொல். அவர் காட்டிய பட்டியலில் தந்தை, மகன், கணவன், அண்டை வீட்டார், மற்றவர் என்று ஐந்தே இருந்தன. நான் 'மற்றவர்' ஆனேன். அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டுக்குள் போனதும் மைதீன் அதைப் பார்த்தார். மூக்கில் குழாய், கோணிய வாய். அந்த நிலையிலும் குழறலாக முதல் வாக்கியத்தைச் சொன்னார்:

"நாப்பது வருசம் எங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, மத்தவரா?"

அன்று வார்டில் அது சிரிக்க வேண்டிய இடம்; எனக்கு வரவில்லை. வாயைச் சற்று இறுக்கிக்கொண்டேன் என்று நினைவு.

3

மைதீனின் வீட்டுக்கு ஏறும் மரப்படி ஏணிக்குச் சமம். என் வீடு தரைத்தளம். முன்னறையில் தலைப்பக்கம் உயர்த்தும் திருகுக் கட்டில் ஏற்கெனவே கிடந்தது. சபியாவுக்கு வாங்கியது. மைதீனும் அவர் மனைவி ரஹ்மத்தும் அங்கே வந்து தங்கினார்கள்.

வாரம் மூன்று நாள் இல்லப் பராமரிப்புச் செவிலியர் சிஸ்டர் ஜெஸி வந்தார். கோட்டயத்துக்காரர்; ஐந்தடிக்கும் குறைவு. நான் எழுந்து நின்று பேசும் சில மனிதர்களில் ஒருவர். முதல் நாள் வந்தவர் மருந்துச் சீட்டைக்கூடக் கேட்கவில்லை. மைதீனின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார்.

"சாரே, இங்க நோக்கு. நாக்குமேல வெள்ளை. ஓரத்துக் கட்டுப்பல்லு ரெண்டும் ராத்திரியும் உள்ளேயே கெடக்குது. நுரையீரல் எங்க தொடங்குது தெரியுமா?"

மூக்கில் என்றேன். முப்பத்தைந்தாண்டு ஆசிரியன் அல்லவா.

"வாயில, சாரே. பி.எச்.டி. எடுத்த ஆளல்லே? எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். பக்கவாதத்தில் தொண்டைத் தசைகள் தளர்கின்றன. விழுங்குவது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் நழுவுகிறது. போகிற வழியில் வாயிலுள்ள கிருமிகளையும் கூட்டிக்கொண்டு நுரையீரலில் இறங்குகிறது. அதுதான் நிமோனியா. பக்கவாதத்தில் பிழைத்தவரை அது பின்னாலிருந்து வந்து பிடிக்கிறது. இதைத் தடுக்கும் வேலையில் பெரும்பகுதி துலக்குவதும் துடைப்பதும் நிமிர்த்துவதும் காத்திருப்பதுந்தான். காலையும் இரவும் பல் துலக்கல். ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பின்னும் வாயைத் துடைத்தல். உணர்வற்ற இடக்கன்னத்துக்குள் பருக்கை ஏதும் ஒதுங்கியிருக்கிறதா என்று பார்த்தல். இரவில் கட்டுப்பல்லைக் கழற்றுதல். படுக்கும்போதும் தலைப்பக்கம் முப்பது பாகை உயரம். உண்ணும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தாழ்த்தி, வலப்பக்கமாகச் சிறு கரண்டி. உண்டபின் அரைமணி நேரம் சாயக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்ட வேண்டும். உறிஞ்சுகுழல் கூடாது. உண்ணும்போது பேசக் கூடாது.

இவற்றுள் கடைசி விதிதான் எங்களை வதைத்தது. மைதீன் பிறந்தது முதல் பேசாமல் உண்டதில்லை.

"மச்சான், ஒரே ஒரு விசயம்..."

"விழுங்கு."

"விழுங்கிட்டேன். அந்த கோடவுன் சேட்டன்..."

"கன்னத்தில் இருக்கிறது. விழுங்கு."

"இது வீடா, பரீச்சை ஹாலா?"

காக்கநாட்டில் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் மகள் சுமையா, ஞாயிறன்று வந்து இந்த விதிகளையெல்லாம் ஒரு அட்டவணையாக அச்சிட்டுச் சுவரில் ஒட்டினாள். அழகிய அட்டவணை. மலையாளத்தில்.

"தமிழ்ல போடக்கூடாதாம்மா?"

"போடலாம் வாப்பா. மலையாளத்துல பத்து நிமிசம். தமிழ்ல எழுத்துக் கூட்டி அடிக்க எனக்கு ஒரு நாள் ஆகும். அதுவரைக்கும் மாமாவ யாரு பாக்குறது?"

நியாயம். கடையநல்லூர்க்காரனின் நுரையீரலை மட்டாஞ்சேரியில் மலையாளம் காத்தது. புகார் சொல்வதற்கில்லை.

4

இப்போது சாயா. நீர்த்த பானங்களைக் கெட்டியாக்க ஒரு வெள்ளைப் பொடி உண்டு. கரண்டியைச் சாய்த்தால் தேன் போல மெல்ல வழிய வேண்டும்; தண்ணீர் போல ஓடினால் ஆபத்து, கட்டியாக விழுந்தாலும் ஆபத்து. பாகுத்தன்மை பற்றி முப்பத்தைந்து ஆண்டுகள் வகுப்பெடுத்தவனுக்கு இறைவன் கடைசியில் ஒரு செய்முறைத் தேர்வு வைத்தான். நான் களிப்படைந்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. நிறுத்தற்கடிகாரம் வைத்தேன். சூடான சாயாவில் பொடி கட்டி தட்டியது. ஆறவிட்டால் நேரம் போகப் போக இறுகியது. நான்காம் நாள் பதம் கைவந்தது. கரண்டியிலிருந்து ஒழுகிய அந்தப் பழுப்பு இழையைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரஹ்மத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னண்ணே, தேனா?"

"சாயா!" என்றேன். என் குரல் சற்று உயர்ந்திருக்க வேண்டும். தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார்.

மைதீன் ஒரு கரண்டி வாங்கினார். தாடையைத் தாழ்த்தினார். விழுங்கினார். இருமல் இல்லை. 'ஆ' என்று சொல்லச் சொன்னேன்; தொண்டையில் நீர் தங்கினால் குரல் நனைந்து வரும். குரல் உலர்ந்து தெளிவாக வந்தது. பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மச்சான். இத வச்சுச் செவுத்துல போஸ்டர் ஒட்டலாம்."

"உயிரோடு இருந்து ஒட்டு."

"நல்ல சாயா எப்ப?"

"பதினொன்றாம் தேதி சோதனையில் தேறினால்."

அன்று முதல் எங்கள் வீட்டுக் காலண்டரில் அந்த ஒரு தேதியே இருந்தது. அதுவரை மைதீனின் நெஞ்சுக்குள் நிமோனியா நுழையாமல் கொண்டு சேர்த்துவிட வேண்டும். எனக்கு வேறு வேலை இல்லை. உண்மையில், வேறு ஆசையும் இல்லை.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்துகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தந்திருந்தார்கள். குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளிழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலேறும். மைதீனின் உதடு ஒரு பக்கம் மூடாததால் ரஹ்மத் இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் ஒரு பந்து அசைந்தது. ஐந்தாம் நாள் ஒன்று முழுதாக ஏறியது. அதற்குப் பிறகு போட்டி. எனக்கென்று தனிக்கருவி வாங்கிவந்தேன். எழுபத்துமூன்று வயதில் எனக்கும் இரண்டு பந்துதான் ஏறியது என்பதை மைதீன் அந்தத் தெரு முழுவதற்கும் அறிவித்தார்.

"பிரபசருக்கு ரெண்டு! ரெண்டேதான்!"

காலையில் வெப்பமானி தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு காட்டும்போதெல்லாம் எனக்குள் எழுந்த குதூகலம் என் வயதுக்கும் படிப்புக்கும் உகந்ததன்று. இரண்டு தெரு தள்ளி மீன்கடை வரை சும்மா நடந்துவிட்டு வருவேன். மீன் வாங்குவதில்லை.

5

நம் ஊரில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர் தம் கையால் ஒரு வாய் ஊட்டாமல் எழுவதில்லை. கஞ்சியோ பழச்சாறோ, எதுவும் இல்லையென்றால் ஓதிய தண்ணீரோ. வாங்கிக்கொள்ளாவிட்டால் வந்தவர் முகம் வாடும். அதே வழக்கம் கணவாய் தாண்டி இங்கும் வந்திருக்கிறது. சொந்தக்காரர்களை நான் வாசலிலேயே சுவர் அட்டவணையைக் காட்டி மடக்கினேன். ஆனால் மிளகுக்காரர்களுக்கும் ஒரு வழக்கம் உண்டு என்பது எனக்குத் தோன்றவில்லை.

ஜூலை 24. மாலைத் தொழுகைக்காக நான் உள்ளறைக்குப் போனேன். அந்த நேரத்தில் கோடவுனிலிருந்து வர்கீஸ் சேட்டன் வந்தார். மைதீனோடு முப்பது ஆண்டு தரகு செய்தவர். நல்ல மனிதர். சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்திருக்கிறார். வயநாட்டுச் சரக்கு, மழையில் ஈரம் இறங்கியதா என்று சந்தேகம். தரகர்கள் ஒருவரையொருவர் பார்க்கும்போது மாதிரி நீட்டுவது அவர்களுக்குள் மரியாதை. நீட்டாவிட்டால், உன் பல் போய்விட்டது என்று சொல்வதாக அர்த்தம்.

"நீ சொன்னாத்தான் வண்டியில ஏத்துவேன், மைதீனே."

ரஹ்மத் தடுக்க எழுந்தார். ஆனால் பதினெட்டு நாளுக்குப் பிறகு கணவரின் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து நின்றுவிட்டார். மைதீன் ஒரு மிளகை எடுத்துப் பல்லில் வைத்தார்.

நான் தொழுகையின் கடைசி அமர்வில் இருந்தேன். முதலில் கடிக்கும் ஓசை. பிறகு இருமல். பிறகு மைதீன் ஏதோ சொன்னார். சொல் விளங்கவில்லை, ஆனால் அந்தக் குரல் விளங்கியது. கூழாங்கல்மீது தண்ணீர் ஓடுவது போன்ற, நனைந்த குரல். அதை நான் இதற்கு முன் ஒருமுறை கேட்டிருக்கிறேன்.

முடித்துவிட்டு ஓடினேன். மைதீனை நிமிர்த்தி முன்னால் சாய்த்து, இருமு, இன்னும் இருமு என்றேன். விரலில் துணி சுற்றி இடக்கன்னத்துக்குள் துழாவினேன். அரை மிளகு கிடைத்தது. மற்ற அரை எங்கே?

"துப்பினேன் மச்சான்" என்றார் மூச்சுவாங்கியபடி. "துப்பினேன்னுதான் நெனக்கிறேன்."

வர்கீஸ் சேட்டன் தரையில் மண்டியிட்டு, கட்டிலுக்கடியில் டார்ச் அடித்து அந்த அரை மிளகைத் தேடினார். கிடைக்கவில்லை.

தொலைபேசியில் சிஸ்டர் ஜெஸி யாரையும் திட்டவில்லை; அதுவே பயமாக இருந்தது. அரைமணியில் வந்து நெஞ்சில் கருவியை வைத்து இருபுறமும் நெடுநேரம் கேட்டார். "இப்போ சுத்தம். மூணு நாள் பாக்கணும், சாரே. நாலு மணிக்கூறுக்கு ஒருக்க டெம்பரேச்சர், மூச்சு எண்ணணும். கூடினா உடனே ஆஸ்பத்திரி."

மூன்று நாள். ஞாயிறு மாலைவரை. அந்த ஞாயிறு எந்த ஞாயிறு என்று அவருக்குத் தெரியாது.

6

இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கட்டிலில், பக்கவாதம் வந்து ஒரு மாதம் ஆகியிருந்த சபியா, சாயா கேட்டாள். கெட்டியாக்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது என்று தாளில் எழுதித் தந்திருந்தார்கள். எனக்கு நான்கு மொழிகள் வாசிக்கத் தெரியும். வீட்டில் வேறு யாரும் இல்லை. போட்டுக் கொடுத்தேன். அரைக் கோப்பை குடித்தாள், இருமினாள், சிரித்தாள். மூன்றாம் நாள் காய்ச்சல். ஒன்பதாம் நாள் அடக்கம் செய்தோம்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ரஹ்மத் அடுப்படியில் நின்று அழுதார். "பாத்துக்கிட்டே நின்னேண்ணே. அவுக மொகத்துல சிரிப்பு வந்துச்சு, அதுல ஏமாந்துட்டேன். நானே கொன்னுட்டேனோ?"

'எனக்குத் தெரியும், அம்மா, அந்தச் சிரிப்பு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்' என்று சொல்ல வாய் திறந்தேன். ஆனால் "மணி நான்கு ஆகிறது" என்று சொல்லி வெப்பமானியை எடுத்துக்கொண்டு போனேன்.

மூச்சு நிமிடத்துக்குப் பதினெட்டு. பதினெட்டு. பத்தொன்பது, மறுபடியும் எண்ணினேன், பதினெட்டு. மைதீன் எண்ணுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மச்சான், வட்டிக்கடைக்காரன் மாதிரி எண்ணாதீங்க. மூச்சு விடவே கூச்சமா இருக்கு." ஞாயிறு காலை சுமையா வந்தாள்; தாயை அடக்கிய கபருக்குப் போவோமா என்றாள். நீ போய் வா, நான் மாலைவரை இங்கிருந்து நகர முடியாது என்றேன். மாலை ஐந்து மணிக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி நான்கு. சிஸ்டர் ஜெஸி நெஞ்சைக் கேட்டார், கருவியைக் காதிலிருந்து எடுத்தார், "ஒண்ணுமில்ல, போ" என்று மைதீனின் தோளில் ஒரு தட்டு தட்டினார்.

நான் மீன்கடைவரை நடந்தேன். மழை பெய்துகொண்டிருந்தது. குடை என் கையில் மடக்கியபடியே இருந்ததை மீன்காரர்தான் சொன்னார். அன்று மீன் வாங்கினேன். வீட்டுக்கு வந்தபின்தான் பார்த்தேன்: மூன்று கிலோ.

7

ஆகஸ்ட் 11. ஒரு தேக்கரண்டித் தண்ணீர். 'ஆ'. இன்னொன்று. 'ஆ'. மூன்று. பிறகு கோப்பையிலிருந்து சிறு மிடறு. சோதித்த பெண் கழுத்தில் விரல் வைத்து, ஒவ்வொரு விழுங்கலையும் தொட்டுப் பார்த்தார். பிறகு தாளில் ஒரு வரி எழுதினார்: நீர்த்த பானம் அனுமதி, நிமிர்ந்து உட்கார்ந்து, தாடை தாழ்த்தி, சிறு மிடறாக. அந்தத் தாளை நான் வாங்கிக்கொண்டபோது, இத்தனை ஆண்டுகளில் நான் பெற்ற பட்டங்களின் எடையை ஒருகணம் ஒப்பிட்டுப் பார்த்தேன். நல்லவேளை, சத்தமாகச் சொல்லவில்லை.

மாலையில் சாயா நான்தான் போட்டேன். வடிகட்டி, ஆற்றி, நுரை எழுப்பி, பொடி சேர்க்காமல் கோப்பையின் விளிம்பு வரை ஊற்றினேன். ரஹ்மத், சுமையா, சிஸ்டர் ஜெஸி, வாசலில் தயங்கி நின்ற வர்கீஸ் சேட்டன், அத்தனை பேரும் மைதீனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மிடறு. 'ஆ'. உலர்ந்த குரல். இரண்டாம் மிடறு. 'ஆ'. மூன்றாவதில் வர்கீஸ் சேட்டனும் சேர்ந்து 'ஆ' என்றார், சிஸ்டர் ஜெஸி கைதட்டினார், நான் சிரித்துவிட்டேன். அடக்க முயன்றேன், முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

"அண்ணனுக்குப் பல்லு தெரியுது!" என்றார் ரஹ்மத்.

மைதீன் கோப்பையை இறக்கினார். நாக்கை ஒருமுறை மேலண்ணத்தில் தட்டினார். மிளகுக்குத் தீர்ப்புச் சொல்லும் அதே முகம்.

"சீனி பத்தல, மச்சான்." பிறகு, மெதுவாக: "அக்காவும் இதையேதான் சொன்னா."

நான் சுவரை விடவில்லை.

"ஆஸ்பத்திரியில, காய்ச்சலோட கெடக்கும்போது. 'ஒம் மச்சான் எனக்குச் சாயா போட்டுத் தந்தாருடா. யார்ட்டயும் சொல்லாத, அந்த மனுசனத் திட்டுவாங்க. ஒரு மாசம் கழிச்சு ஒரு சாயா, எம்புட்டு நல்லா இருந்துச்சு. சீனிதான் பத்தல'ன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

"ஏன்டா இத்தனை நாளாகச் சொல்லவில்லை?"

"நீங்க சிரிக்கிற அன்னைக்குச் சொல்லணும்னு வச்சிருந்தேன்."

"இரண்டு வருடமடா!"

"அதுக்கு நான் என்ன பண்ண? நானா உங்களச் சிரிக்க வேண்டாம்னேன்?"

நான் மூச்சை உள்ளிழுத்தேன். அது வெகுதூரம் உள்ளே போனது. கருவி கையில் இருந்திருந்தால் மூன்று பந்துகளும் ஏறியிருக்கும். மைதீன் பார்த்துக்கொண்டிருந்ததால் பொய்யும் சொல்ல முடியாது.

செய்யாமல் நிற்பவை:

கட்டிலின் திருகுக்கு எண்ணெய் விட வேண்டும், உயர்த்தும்போது கத்துகிறது.

மீந்திருக்கும் கெட்டிப்பொடி இரண்டு டப்பாவைச் சிஸ்டர் ஜெஸியிடம் சேர்க்க வேண்டும். அவருக்கு அடுத்த தெருவில் ஒரு நோயாளி இருக்கிறார்.

வர்கீஸ் சேட்டனுக்குத் தீர்ப்பு சொல்ல வேண்டும். மைதீன் அன்றே கண்டுபிடித்துவிட்டாராம்: ஈரம்.

சுமையாவின் அட்டவணையைத் தமிழில் எழுதி, நம் ஊரில் தேவைப்படுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும்.

மருத்துவமனைப் படிவத்தில் 'மற்றவர்' என்பதைத் திருத்தக் கேட்க வேண்டும்.

சபியாவின் கபருக்குப் போக வேண்டும். இருபத்தேழாம் தேதி போக முடியாமற்போனதற்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

சீனி வாங்க வேண்டும்.